பயம் மனசு சாப்பிடுறான்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், சென்னையில் ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தைச் சேர்ந்த இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு ஜெர்மன் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதித் தர வேண்டும். பணம் அதிகம் தர இயலாது. படம் 93 நிமிடம்தான், வசனம் எளிது, அதிலும் கதாநாயகன் நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசமாட்டான் என்று தைரியம் சொன்னார்கள். நாலு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் ஆயிற்று. அதில் பாதி நாள் ஒரே ஒரு வரிக்குப் போயிற்று. அந்த வரி, படத்தின் தலைப்பு.

படம், ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் 1974ல் வெளியிட்டது. ஆங்கிலத்தில் 'அலி: ஃபியர் ஈட்ஸ் த ஸோல்' என்ற பெயரில் உலகத்துக்குத் தெரியும். 'பயம் ஆன்மாவைத் தின்கிறது' என்று தமிழில் உடனே எழுதிவிடலாம்; கொஞ்சம் தத்துவ வாசனையும் வந்துவிடும். ஆனால் ஜெர்மன் தலைப்பு அப்படி இல்லை. 'ஆங்ஸ்ட் எஸ்ஸன் ஸேலெ அவுஃப்.' எனக்கு ஜெர்மன் அரைகுறை. மாக்ஸ் முல்லர் பவனில் இரண்டு வகுப்பு படித்ததோடு சரி. அந்த அரைகுறைக்கே இதில் உள்ள பிழை தெரிந்தது. பயம் ஒருமை. வினைச்சொல் அதற்கேற்ப 'இஸ்ட்' என்று மாற வேண்டும். மாறாமல், அகராதியில் கிடப்பதுபோல 'எஸ்ஸன்' என்றே நிற்கிறது. ஆன்மாவுக்கு முன்னால் வரவேண்டிய சிறு சொல்லையும் காணோம். தொடக்கப்பள்ளிப் பிள்ளை இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிடுவார். ஃபாஸ்பிண்டர் அந்தப் பிழையைத்தான் போஸ்டரில் பெரிய எழுத்தில் போட்டார்.

ஆங்கிலத்துக்குப் போனபோது யாரோ ஒரு நல்ல மனிதர் அதைத் திருத்திவிட்டார். வினைச்சொல்லின் வாலில் இருக்க வேண்டிய எழுத்து இருக்கிறது, 'த' இருக்கிறது. ரென்னும் மார்ட்டினும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். படத்தின் கதாநாயகன் மட்டும் காணாமல் போய்விட்டான்.

ஏனென்றால் அது அவன் பேச்சு. மொராக்கோவிலிருந்து மியூனிக்குக்கு வந்து, கார்ப் பட்டறையில் வேலை செய்கிறவன். எல்லோரும் அவனை அலி என்கிறார்கள். அது அவன் பெயரல்ல. பெயர், எல் ஹெடி பென் சலேம் ம்பாரெக் முகம்மது முஸ்தஃபா. அவ்வளவு நீளத்துக்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? கறுப்பாக இருக்கிறான், அரபி பேசுகிறான், ஆகவே அலி.

கதை தெரியாதவர்களுக்காக. ஒரு மழை இரவில் எம்மி என்ற விதவை, வழியில் உள்ள ஒரு மதுக்கடைக்குள் நுழைகிறாள். வயது 60 இருக்கும். வீடுகளையும் அலுவலகங்களையும் துடைத்துப் பெருக்குகிறவள். (அறுபது வயதுப் பெண்ணை 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அவளுடைய அண்டை வீட்டார் எல்லோரும் அவளைப் பற்றி 'அவள்' என்ற தொனியில்தான் பேசுகிறார்கள்.) உள்ளே வெளிநாட்டுத் தொழிலாளிகள். ஒரு கோலா வாங்கிக்கொண்டு வாசலோரமாக உட்காருகிறாள். அந்தக் கிழவியோடு போய் ஆடேன் என்று ஒரு பெண் அலியைக் கேலியாகச் சீண்டுகிறாள். அவன் எழுந்து போய், கேலி இல்லாமல், கேட்கிறான். ஆடுகிறார்கள். வீடுவரை கொண்டுபோய் விடுகிறான். மழை நிற்கவில்லை. மேலே வந்து ஒரு காப்பி குடி என்கிறாள். பிறகு கல்யாணம்.

இருவரும் சேர்ந்ததும் ஊர் அவர்களை விலக்கிவைக்கிறது. மாடிப்படியில் கிசுகிசு. மளிகைக்கடைக்காரன், அலி மார்கரின் கேட்டால் அவன் பேசும் ஜெர்மன் புரியாததுபோல நடிக்கிறான். எம்மியின் பிள்ளைகள் செய்தி கேட்டு வாயடைத்து உட்கார, ஒரு மகன் எழுந்துபோய் டெலிவிஷன் பெட்டியை உதைத்து உடைக்கிறான். கூட வேலை செய்யும் பெண்கள் மதிய உணவு நேரத்தில் அவளைத் தனியே விட்டுவிட்டு வேறு பக்கம் போய் உட்காருகிறார்கள். படிக்கட்டின் கம்பிகளுக்கு இடையே அவள் மட்டும், ஜெயில் கம்பிக்குப் பின்னால் இருப்பதுபோல. அவளிடம் கண்ணியமாக நடப்பவர்கள் இருவரோ மூவரோதான். அதில் அண்டை வீட்டார் புகார் கொடுத்து வரவழைத்த போலீஸ்காரர்களும் உண்டு.

கலைப்படம் என்றால் அரைமணி நேரம் ஒருவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நம்மில் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. நானும் அப்படிப்பட்ட சில படங்களில் தூங்கியிருக்கிறேன். இது அந்த ரகமல்ல. மாமியார், மருமகன், சொத்து, அக்கம்பக்கம் என்று நம் தொலைக்காட்சித் தொடருக்கு வேண்டிய சரக்கெல்லாம் இதில் உண்டு. ஃபாஸ்பிண்டர் அதை மறைக்கவும் இல்லை. ஹாலிவுட்டில் கண்ணீர்ப் படங்கள் எடுத்த டக்ளஸ் ஸர்க்கை அவர் குருவாகக் கொண்டாடியவர். ஸர்க்கின் 1955ஆம் ஆண்டுப் படமான 'ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்' ஒரு பணக்கார விதவை தன் தோட்டக்காரனைக் காதலிக்கும் கதை. அதில் பிள்ளைகள் அம்மாவின் தனிமையைப் போக்க ஒரு டெலிவிஷன் பெட்டியைப் பரிசளிக்கிறார்கள். ஃபாஸ்பிண்டரின் படத்தில் பிள்ளை அதை உதைப்பதற்கு அர்த்தம் இப்போது புரியும்.

சப்டைட்டிலுக்கு வருகிறேன். அலி எம்மியை ஆட அழைக்கும் வரி மூன்று நாள் எடுத்தது. ஜெர்மனில் நம்மைப் போலவே 'நீ'யும் உண்டு, 'நீங்கள்' உண்டு. முன்பின் தெரியாத, தன்னைவிட மிக மூத்த ஒரு பெண்ணை அலி எடுத்த எடுப்பில் 'நீ' என்கிறான். மரியாதை இல்லாமல் அல்ல. பட்டறையில் அவனிடம் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் பேசுகிறார்கள். அவன் காதுக்கு வந்த ஜெர்மன் அதுதான். ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ'தான் என்பதால் இந்தப் பிரச்னையே அங்கே கிடையாது. தமிழில் உண்டு.

முதலில், 'என்னுடன் நடனமாட வருகிறீர்களா?' என்று எழுதினேன். ராஜகுமாரன் ஆகிவிட்டான். அடித்துவிட்டு, பிழையோடு இருக்கட்டும் என்று, 'நீ என்கூட ஆடு' என்று போட்டேன். ரவுடி ஆகிவிட்டான். அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஜெர்மனில் விகுதி இல்லாத வினை வெறும் அகராதிச் சொல். தமிழில் விகுதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏவல். வா, போ, கொடு, சாப்பிடு. நம் மொழியில் இடமும் பாலும் மரியாதையும் வினையின் வாலில்தான் இருக்கின்றன. வாலைப் படிக்காதவன் வாய் திறந்தாலே கட்டளை இடுகிறான். எட்டு வருஷம் எழுத்தும் சொல்லும் யாப்பும் படித்த எனக்கு, வெளியாள் ஒருவனுக்கு நம் வினைச்சொல் எவ்வளவு ஆபத்தானது என்று அதுவரை தோன்றியதில்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதை எழுதிப் பார்த்துவிட்டு நானே கிழித்துப்போட்டேன். தமிழ் சினிமாவில் கொச்சைத் தமிழ் பேசுவதற்கென்று ஒரு ஆள் பல வருஷங்களாக இருந்தார். சேட்டு. 'நம்பள்', 'நிம்பள்' என்பார், தியேட்டர் சிரிக்கும். அந்த மொழியை அலியின் வாயில் வைத்தால் நம் பார்வையாளர்களுக்கு உடனே பழகிப்போகும். ஆனால் சிரித்துக்கொண்டே பழகுவார்கள். மியூனிக் மளிகைக்கடைக்காரன் செய்வதை நான் சென்னையில் செய்தவளாவேன்.

நம்மூரில் வேலைக்கு வரும் வடக்கத்தியப் பிள்ளைகள் இந்த ஆபத்திலிருந்து தப்ப ஒரு கேடயம் வைத்திருக்கிறார்கள். அண்ணா, அக்கா. 'அக்கா, சாப்பாடு எடு' என்றால் கட்டளை வேண்டுகோளாகிவிடுகிறது. அலிக்கு அந்த வசதியும் இல்லை. எம்மியிடம் அவன் 'அக்கா' என்று கூப்பிட்டு ஆட அழைத்தால் காதல் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டும். தில்லியில் 3 வருஷம் வேலை பார்த்தேன். என் இந்தியில் அப்போது இறந்தகாலம் கிடையாது, எதிர்காலமும் கிடையாது. நேற்று தண்ணீர் வரவில்லை என்பதை 'நேற்று தண்ணீர் இல்லை வருகிறது' என்றுதான் சொல்வேன். வீட்டுக்கார அம்மாள் நல்லவர்தான். ஆனால் என்னிடம் பேசும்போது குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, காது மந்தமானவரிடம் பேசுவதுபோலப் பேசுவார். பேசி முடித்ததும் புரிந்ததா என்று தலையை ஆட்டிக் கேட்பார். ஒருநாள் விருந்தாளிகள் முன்னால், 'பாவம், இவளுக்கு ஒன்றும் தெரியாது' என்றார். அந்த வாக்கியம் எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் ஒரு மொழியில் முதுகலை படித்தவள், வேடிக்கையாகப் பேசக்கூடியவள், கோபப்படக்கூடியவள் என்பதெல்லாம் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தவள் 200 வார்த்தைகள் உள்ள ஒருத்தி. ஆறு மாதத்தில் நானே அந்த 200 வார்த்தைக்காரிபோல நடக்க ஆரம்பித்தேன். கடையில் விலை கேட்காமல் கொடுத்ததை வாங்கினேன். நண்பர்கள் இல்லாததைவிட எனக்கு அது பெரிய தனிமையாக இருந்தது.

அலியின் தனிமையும் அப்படித்தான். அவனுக்குச் சிநேகிதர்கள் இருக்கிறார்கள், மதுக்கடை இருக்கிறது, அங்கே அவன் பாஷையில் பாட்டு இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் அவன் சின்ன வாக்கியங்களின் மனிதன். நிறைய யோசித்தால் நிறைய அழுகை என்கிறான். ஜெர்மன்காரன் எஜமான், அரபிக்காரன் நாய் என்கிறான். சிக்கலான ஒரு துக்கத்தை மூன்று சொல்லுக்குள் அடக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவு தொடங்கிய புதிதில், சந்தோஷமாக இருக்கிறது, அதே சமயம் பயமாகவும் இருக்கிறது என்று எம்மி சொல்லும்போது, பயம் வேண்டாம் என்று சொல்லி அந்தத் தலைப்பு வாக்கியத்தைச் சொல்கிறான். அழகாக இருக்கிறதே, உங்கள் ஊரில் சொல்வதா என்று கேட்கிறாள். ஆமாம், அரபிகள் எல்லோரும் சொல்வோம் என்கிறான். மொத்தப் படத்திலும் அவன் பேச்சைப் பிழை பாராமல் அழகு என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அவன் கல்யாணம் செய்துகொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இதையெல்லாம் ஃபாஸ்பிண்டர் எடுத்த நேரத்தையும் சொல்ல வேண்டும். மேற்கு ஜெர்மனி, யுத்தத்துக்குப் பின் ஆலைகளுக்கு ஆள் போதாமல், 1955ல் இத்தாலியோடும், 1961ல் துருக்கியோடும், 1963ல் மொராக்கோவோடும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளிகளை வரவழைத்தது. அவர்களுக்கு வைத்த பெயர் 'காஸ்ட்டார்பைட்டர்'. விருந்தாளித் தொழிலாளி. விருந்தாளியை வேலை வாங்கும் இந்தச் சொல்லையும் மொழிபெயர்க்க நான் பட்ட பாடு தனிக்கதை. 1964ல் பத்து லட்சமாவது விருந்தாளியாக வந்திறங்கிய போர்ச்சுகல்காரர் அர்மாண்டோ ரோட்ரிகஸுக்கு கொலோன் ரயில் நிலையத்தில் ஒரு மொபெட்டைப் பரிசாகக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அவர் பின்னால் நோயில் விழுந்து ஊர் திரும்பி, தனக்குச் சேரவேண்டிய உதவித்தொகை உண்டென்பதே தெரியாமல் சேமிப்பையெல்லாம் வைத்தியத்துக்குச் செலவழித்து, 1979ல் இறந்தார். மொபெட் இப்போது பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1973ல் இப்படி வந்து வேலை செய்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். அதற்கு முந்தைய வருஷம் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் பாலஸ்தீனியத் தீவிரவாதிகளிடம் சிக்கிக் கொல்லப்பட்டிருந்தார்கள். அரபி முகம் என்றாலே ஊருக்குச் சந்தேகம். 1973 செப்டம்பரில், ஏறக்குறைய 15 நாளில், இரண்டு பெரிய படங்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஃபாஸ்பிண்டர் இதைப் படமாக்கினார். அதே வருஷம் நவம்பரில், எண்ணெய் நெருக்கடியைக் காட்டி, இனி விருந்தாளிகள் வேண்டாம் என்று அரசு ஆள் எடுப்பதை நிறுத்தியது. 1974 மே மாதம் கான் விழாவில் படத்துக்குச் சர்வதேச விமர்சகர்கள் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையை அவர் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1970ல் வந்த அவருடைய 'அமெரிக்கப் படைவீரன்' படத்தில் ஒரு ஹோட்டல் பணிப்பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஹாம்பர்க்கில் எம்மி என்றொரு கிழவி அலி என்ற துருக்கியனைக் கல்யாணம் செய்துகொண்ட கதையைச் சொல்கிறாள். அதில் எம்மி கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்துக்கிடக்கிறாள். கழுத்தில் மோதிரத்தின் எழுத்துப் பதிந்திருக்கிறது. கொலைக் கதை. பத்திரிகையில் ஒரு மூலையில் வரும் செய்திபோல. சில வருஷம் கழித்து அதே இருவரை எடுத்து, கொலையை நீக்கிவிட்டு, அவர்களை வாழவிட்டுப் பார்த்தார். கொலையைவிட அது கஷ்டமான கதையாகிவிட்டது.

படத்தின் நடுவே, வெளியில் ஒரு ஹோட்டலில், மஞ்சள் நாற்காலிகளுக்கு மத்தியில் இருவரும் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். தூரத்தில் சிப்பந்திகளும் மற்றவர்களும் வரிசையாக நின்று வெறிக்கிறார்கள். எம்மி உடைந்து அழுகிறாள். எங்காவது போய்விட்டு வருவோம், திரும்பி வரும்போது எல்லோரும் நல்லவர்களாகி இருப்பார்கள் என்கிறாள். போய்விட்டு வருகிறார்கள். நிஜமாகவே எல்லோரும் நல்லவர்களாகி இருக்கிறார்கள்!

சாதாரண டைரக்டர் என்றால் இங்கே 'சுபம்' போடுவார். ஃபாஸ்பிண்டர் இங்கேதான் கத்தியை எடுக்கிறார். கடைக்காரனுக்கு வியாபாரம் படுத்துவிட்டது, எம்மி நல்ல வாடிக்கைக்காரி. அண்டை வீட்டுக்காரிக்கு எம்மியின் நிலவறையில் சாமான் போட இடம் வேண்டும். டெலிவிஷனை உதைத்த மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உடைத்த பெட்டிக்குச் செக்கும் அனுப்பிவிட்டான். வேலையிடத்துப் பெண்களுக்கு ஒதுக்கிவைக்கப் புதிதாக ஒருத்தி கிடைத்துவிட்டாள், யூகோஸ்லாவியாக்காரி. அதே படிக்கட்டில், அதே கம்பிகளுக்கு நடுவே, இப்போது அவள் தனியே உட்கார்ந்திருக்கிறாள். எம்மி மற்றவர்களோடு சேர்ந்து நிற்கிறாள். எம்மியிடம் இது யாரும் எதிர்பாராதது அல்ல. கல்யாணத்தன்று அலியை அவள் சாப்பிட அழைத்துப்போவது ஹிட்லர் வழக்கமாகச் சாப்பிட்ட இத்தாலிய ஓட்டலுக்கு. தானும் கட்சியில் இருந்ததாக, எல்லோரும்தானே இருந்தோம் என்று, சாதாரணமாகச் சொல்கிறாள். அவளுடைய முதல் கணவன் போலந்துக்காரன் என்பதையும் அதே மூச்சில் சொல்லக்கூடியவள்.

ஊர் விலகி நின்றவரை இருவரும் ஒட்டியிருந்தார்கள். ஊர் சிரித்ததும் நடுவே விரிசல். சிநேகிதிகள் வருகிறார்கள், அலியின் புஜத்தைத் தொட்டுப்பார்க்கச் சொல்கிறாள், சந்தையில் வாங்கிய பசுவைக் காட்டுவதுபோல. அவன் கூஸ்கூஸ் கேட்கிறான். ரவையை ஆவியில் வேகவைத்துச் செய்யும் அவன் ஊர்ச் சாப்பாடு. எனக்கு அது பிடிக்காது, நீ ஜெர்மன் பழக்கத்துக்கு வரவேண்டும் என்கிறாள். அவன் மதுக்கடைக்காரி வீட்டுக்குப் போகிறான். அவள் கூஸ்கூஸ் செய்வாள். பிறகு எம்மி பட்டறைக்கே அவனைத் தேடி வரும்போது, உன் பாட்டி மொராக்கோவிலிருந்து வந்திருக்கிறாளா என்று கூட்டாளிகள் கேட்டுச் சிரிக்கிறார்கள். அலியும் சேர்ந்து சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்புக்கு எழுத்து வேலை எனக்கில்லை. ஆனாலும் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். இவன் அவளைக் கைவிடும் இடம் மதுக்கடைக்காரியின் கட்டில் அல்ல, இதுதான்.

படத்தில் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. எம்மியின் சமையலறையும், அவள் கண்ணாடி முன் நிற்பதும், அவள் வெட்கமும் நமக்குத் தெரிகிறது. அலியின் உடம்பு தெரிகிறது, ஊர் தெரியவில்லை. அவனுடைய அம்மா, அவன் சின்ன வயது எல்லாம் ஒன்றிரண்டு வாக்கியத்தோடு சரி. குளியலறையில் அவனை முழுசாகக் காட்டும் கேமரா, புஜத்தைத் தொட்டுப் பார்த்த சிநேகிதிகளின் கண்ணோடுதான் பார்க்கிறதோ என்று ஒரு சந்தேகம். அலியாக நடித்தவர் எல் ஹெடி பென் சலேம், மொராக்கோக்காரர், அக்காலத்தில் ஃபாஸ்பிண்டரின் காதலர். படத்தில் வரும் நீளமான பெயர் அவருடைய பெயரிலிருந்தே வந்தது. ஆனால் குரல் அவருடையது அல்ல. வோல்ஃப்காங் ஹெஸ் என்ற ஜெர்மன் நடிகர் பின்னணி பேசினார். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உடைந்த ஜெர்மனைக்கூட ஒரு ஜெர்மன்காரர்தான் பேசியிருக்கிறார். பென் சலேம் 1977ல் பிரான்ஸில் சிறையில் இறந்தார். ஃபாஸ்பிண்டர் தம் கடைசிப் படமான 'கெரெல்'லை அவருக்குச் சமர்ப்பித்துவிட்டு, 1982ல் தமது 37ஆம் வயதில் இறந்துபோனார்.

எம்மியாக நடித்த பிரிகிட்டே மிராவுக்கு அப்போது வயது 63. மேடையில் பாட்டும் வேடிக்கையுமாக நடித்துவந்தவர். இந்தப் படத்துக்காக ஜெர்மன் திரைப்பட விருது பெற்றார். ஒரு கோலாவைக் கையில் வைத்துக்கொண்டு, தான் உள்ளே வந்தது தப்போ என்ற முகத்தோடு அவர் உட்கார்ந்திருக்கும் அந்த முதல் நிமிடத்துக்கே கொடுத்திருக்கலாம்.

இனி தலைப்பு. அலுவலகத்துக்குப் பக்கத்தில் நான் மதியம் சாப்பிடும் மெஸ்ஸில் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் பரிமாறுகிறான். வந்து 2 வருஷம் ஆகிறது. ஒருநாள் கைகழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சொன்னான்: 'அக்கா, மழை வர்றான். குடை இருக்கான்?'

மழை வர்றான். அவனுக்குத் தமிழ் வினையில் ஒரே ஒரு வால்தான் தெரியும். அதை எல்லாவற்றுக்கும் மாட்டிவிடுகிறான். பஸ் வந்துட்டான், கேஸ் தீர்ந்துட்டான், அம்மா போன் பண்ணினான். அஃறிணை கிடையாது, பெண்பால் கிடையாது. அவன் உலகத்தில் எல்லாமே ஓர் ஆள். நான் அன்று குடை இல்லாமல் நனைந்துகொண்டே அலுவலகம் போய், தாளை எடுத்து எழுதினேன்: 'பயம் மனசு சாப்பிடுறான்.'

'தின்னுறான்' என்று போடலாமே என்று சங்கத்து நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். வெளியூரிலிருந்து வருகிறவன் முதலில் கற்கும் வினை 'சாப்பிடு'தான். 'ஆன்மா'வை அவன் கேள்விப்பட்டிருக்கவே மாட்டான். மனசு என்றால் சினிமாப் பாட்டில் கேட்டிருப்பான். ஒரு வேற்றுமை உருபைக்கூட நான் சேர்க்கவில்லை. பிழை ஒன்றே ஒன்றுதான் ஜெர்மனில் இல்லாதது: பயம் ஓர் ஆண் ஆகிவிட்டது. எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிற ஒரு ஆள். அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசிக் காட்சிகளுக்கு வந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எம்மி மறுபடி மதுக்கடைக்கு வருகிறாள், அதே பாட்டைப் போடச் சொல்கிறாள், ஆடுகிறார்கள். வேறு பெண்களோடு போனதாகச் சொல்லி அழுகிறான். அதெல்லாம் உன் இஷ்டம், நாம் சேர்ந்திருக்கும்போது ஒருவருக்கொருவர் நல்லவிதமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்கிறாள். ஆட்டத்தின் நடுவே அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுகிறான். வயிற்றில் அல்சர், வெடித்துவிட்டது. பயம் இத்தனை நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடம் அது. ஜெர்மன்காரர் ஆன்மாவில் வைத்ததை நாம் எப்போதும் வயிற்றில்தானே வைத்திருக்கிறோம். பயந்தால் நமக்கு வயிற்றில்தான் புளியைக் கரைக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எம்மிக்கு விளக்குகிறார். வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு இது அடிக்கடி வருவது. மனஅழுத்தம். ஓய்வுக்கு அனுப்ப அனுமதி கிடைப்பதில்லை. அறுவை செய்து அனுப்புவோம், ஆறு மாதத்தில் திரும்ப வருவார்கள். நான் விடமாட்டேன், என்னால் ஆனதையெல்லாம் செய்வேன் என்கிறாள் எம்மி. படுக்கையருகே போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டரின் பேச்சைத் தமிழாக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இலக்கண சுத்தமான, நிதானமான ஜெர்மன். அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்த ஒரே பக்கம் அதுதான்.

திரையிட்ட அன்று 60 பேர்போல வந்திருந்தார்கள். 'நீ என்கூட ஆடுறான்?' என்ற வரிக்கு, நான் பயந்தபடியே, பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. கூஸ்கூஸ் வரும்போது யாரும் சிரிக்கவில்லை. மெஸ் இளைஞனையும் வரச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்குக் கூட்டம், வர முடியவில்லை.

திங்கட்கிழமை ரசம் ஊற்றும்போது, படத்தில் என்ன ஆச்சு என்று கேட்டான். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கிழவியைக் கல்யாணம் செய்ததற்கு அவன் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டான். கடைசியில் வயிற்றுவலி வந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான் என்றேன்.

'லீவ் எத்தனை நாள் குடுத்தான், அக்கா?' என்று கேட்டான்.